துரைசாணியின் மடி

கல்லறைத் திருநாள் வருகிறதென்றால் காரைத்தாங்கல் காலனியில் கிளியம்மாளுக்கு மட்டும் ஒரு வேலை அதிகம். அவள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு பட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. பாசி ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் வாளியும் மட்டையுமாக ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், துரைசாணி கல்லறையை நாலு பக்கமும் அடித்து வெள்ளையாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். கம்பெனி கேண்டீன் சூப்பர்வைசர் லீவு கிடையாது என்று முறுக்கிக்கொண்டால்கூட, "சம்பளத்த புட்ச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

ஊரில் இதை வைத்து அவளைக் கேலி பேசாதவர்கள் கிடையாது.

"இன்னா கிளியக்கா, தொரசாணி ஒனக்கு மாமியாரா நாத்தனாரா?" என்று பக்கத்து வீட்டு டில்லிபாபு கேட்பான்.

"மாமியாருதான்டா. ஒரு வார்த்த பேசாத மாமியாரு. எவளுக்குக் கெடைக்கும் சொல்லு?"

பாஸ்டர்கள் மாறி மாறி வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் திருநாள் ஆராதனையில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்கள். அந்நிய தேசத்தில் தனியாகக் கிடக்கிற ஒரு ஜீவனை இந்தச் சகோதரி எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லும்போதெல்லாம், கிளியம்மாள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கமான பெண்பிள்ளை என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும்.

துரைசாணி யாரென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏரி கட்டிய துரையின் பெண்சாதி என்பார்கள் சிலர். மிஷனரி அம்மா என்பார்கள் சிலர். இடுப்புயரத்துக்குச் செங்கல் கட்டி, உள்ளே மண் நிரப்பி, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருந்தார்கள். கல்லில் எழுத்தெல்லாம் தேய்ந்து எலிசா என்ற பேர் மட்டும் மிச்சம் நின்றது.

அந்தக் கல்லுக்குக் கீழே எலிசா மட்டும் இல்லை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். கிளியம்மாளுக்குத் தெரியும், அவள் புருஷன் தாவீதுக்குத் தெரியும். அந்தச் செங்கல் கட்டுக்குள் அவர்களுடைய முதல் பிள்ளை கிடக்கிறது.

பெண் பிள்ளை. பிறந்து ஒரு வாரம் இருந்தது. அந்த வருஷம் ஏரி உடைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் வரைக்கும் ரோடு தெரியாமல் தண்ணீர் நின்றது. பிள்ளைக்கு மார்ச்சளி கட்டி மூச்சு இழுத்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி கிடைக்கவில்லை. தாவீது மார்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தான். பாதி வழியிலேயே அது அடங்கிவிட்டது. ஞானஸ்நானம் ஆகவில்லை, பேர்கூட வைக்கவில்லை.

அப்போது சபையைப் பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் சட்டம் பேசுகிறவர். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, வேலிக்கு வெளியே வாய்க்கால் ஓரம் வைத்துவிடு என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கேதான் வைப்பது வழக்கம். தாவீது குழி வெட்டுகிற குடும்பத்தில் வந்தவன். வாய்க்கால் ஓரத்தில் நாய்கள் மறுநாள் என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு பகலில், கொட்டுகிற மழையில், துரைசாணி கல்லறையின் மேற்குப் பக்கம் நாலைந்து செங்கல்லைப் பெயர்த்து, மண்ணை வாரிவிட்டு, பிள்ளையை உள்ளே வைத்து மூடினான். பூசின சாந்து பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. அதை மறைக்கத்தான் மழை விட்டதும் முழுக் கல்லறைக்கும் வெள்ளை அடித்தார்கள். அடுத்த வருஷம் சுண்ணாம்பு உரிந்து பூச்சு தெரிய ஆரம்பித்தது, திரும்ப அடித்தார்கள். அப்படியே முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் கிளியம்மாள் சுண்ணாம்பு வாங்கவில்லை. புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு போகிற ட்ரெய்லர்கள் ஏரிக்கரை முனையில் திரும்ப முடியாமல் நிற்கின்றன என்று ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். கல்லறைத் தோட்டம் போகிறது. சபைக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டார்கள். இருக்கிறவர்கள் தங்கள் வீட்டுச் செத்தவர்களின் எலும்புகளை எடுத்துக்கொள்ளலாம், மாசக் கடைசியில் மிஷின் வரும் என்று சொல்லியாகிவிட்டது. காலனியில் யாருடைய கல்லறைக்குக் கல் இருந்தது, எடுத்துக்கொள்வதற்கு? மேட்டைக் காட்டி இங்கேதான் எங்கப்பா, இல்லை அங்கேதான் உங்கப்பா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் துரைசாணிக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பாஸ்டர் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வந்தார். ஒருத்தி வெள்ளைக்காரி, பேர் ஹெலன். வயசு அறுபதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வலி போலிருக்கிறது, நிலையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். இன்னொருத்தி மதிவதனி, மெட்ராஸ்காரி. வெளிநாட்டுக்காரர்களுடைய பாட்டன் பூட்டன் இந்த நாட்டில் எங்கே பிறந்தான், எங்கே கல்யாணம் கட்டினான், எங்கே செத்தான் என்று பழைய சர்ச் பதிவேடுகளில் தேடிக் கொடுப்பது அவளுக்குத் தொழில். இப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறதா என்று கிளியம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுக்குத் தன் தாத்தா பேருக்கு மேலே போகத் தெரியாது.

அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை வெள்ளைக்காரிக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று அவசரமாக மூடிவிட்டு டீ போட்டாள். ஹெலன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி, நன்றாக இருக்கிறதே, என்ன சமையல் என்று கேட்டாள்.

"ஹெலன் உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்திருக்காங்கம்மா" என்றாள் மதிவதனி. "எலிசா இவங்க கொள்ளுப்பாட்டியோட அம்மா. நாங்க கல்லறை இடிஞ்சு மண்ணோட மண்ணா போயிருக்கும்னு நெனச்சோம். பாஸ்டர் போட்டோ அனுப்பினதும் இவங்க போன்லயே அழுதுட்டாங்க."

"சொந்தக்காரங்க வந்துட்டாங்க, நல்லதா போச்சு" என்றான் தாவீது. அவன் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. டியூட்டி சட்டையோடேயே சுவரில் சாய்ந்து நின்றான். கிளியம்மாளின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

கிளியம்மாள் கேட்டாள், "யாரும்மா அவ? நாங்க வெறும் தொரசாணின்னுதான் சொல்லுவோம்."

மதிவதனிக்கு அந்தக் கதையைச் சொல்வதென்றால் ஆசை. முகமே மாறிவிட்டது.

"மெட்ராஸ்லயே பொறந்தவங்கம்மா. அப்பா கோட்டையில சார்ஜண்ட். பதினேழு வயசுல கல்யாணம். புருஷன் ஏரி, மதகு ரிப்பேர் பாக்கற இன்ஜினியர். வேலை எங்க நடக்குதோ அங்க கூடாரம் அடிச்சுக் குடும்பம் நடத்தியிருக்காங்க. மொதல் பையனுக்கு ஞானஸ்நானம் செங்கல்பட்டுல நடந்திருக்கு. ரெண்டாவது பொண்ணு, அதுக்குக் காஞ்சிபுரத்துல. அந்தப் பொண்ணு வழிதான் ஹெலன். மூணாவதும் பொண்ணுதான். பூந்தமல்லில ஞானஸ்நானம், அடுத்த மாசமே அடக்கம்."

"அடுத்த மாசமேவா?"

"ஆமா. காய்ச்சல்னு எழுதியிருக்கு. அதுக்கப்புறம்தான் இந்த ஏரிக்கு வந்திருக்காங்க. நாலாவது பிரசவத்துல எலிசா போயிட்டாங்க. இருபத்தாறு வயசு. வருஷம் திரும்பறதுக்குள்ள புருஷன் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அந்தப் பதிவையும் பாத்துட்டேன். இருந்த ரெண்டு பசங்களையும் கப்பல் ஏத்தி அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"வருசம் திரும்பலியா? தொரயா இருந்தா இன்னா, கூலிக்காரனா இருந்தா இன்னா, எல்லாம் ஒரே ஜாதிதான்."

மதிவதனி அதை இங்கிலீஷில் சொன்னதும் ஹெலன் வாய்விட்டுச் சிரித்தாள். பாஸ்டரும் சிரித்தார். கிளியம்மாளுக்கு அந்தக் கிழவியைப் பிடித்துப்போயிற்று. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அந்த நாலாவது புள்ள இன்னா ஆச்சு?"

ஹெலனுக்குக் கேள்வி புரிந்த மாதிரி இருந்தது, சிரிப்பு போய்விட்டது. அவள் நிறையப் பேசினாள். மதிவதனி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

"அதுதான் தெரியலம்மா. இவங்க அம்மா சாகற வரைக்கும் தேடினாங்களாம். பிரசவத்துலயே செத்துச்சா, இல்ல யாராவது ஆயா எடுத்துக்கிட்டுப் போய் வளத்தாங்களா, ஒரு தகவலும் இல்ல. நானும் மூணு வருஷமா இருக்கற பதிவேட்டையெல்லாம் பொரட்டிட்டேன்."

"மத்த புள்ளைங்கள எழுதனவங்க அத்த மட்டும் ஏன் எழுதல?"

"ஞானஸ்நானம் குடுத்தாதான் சர்ச்ல எழுதுவாங்க. அதுக்கு முன்னாடி போயிட்டா, பொறந்ததுக்கும் பதிவு கெடையாது, செத்ததுக்கும் கெடையாது."

கிளியம்மாள் குழம்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். துரை வீட்டுப் பிள்ளைக்கும் அதே சட்டம்தானா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொங்கி வந்தது. எந்தப் பிள்ளைக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்பெதிரே நின்றாள்.

வெளியே பாஸ்டர் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கல்லறையைத் திறப்பது, எலிசாவின் எலும்புகளை மெட்ராஸில் அவளுடைய அப்பா கிடக்கிற பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போவது, அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. ஒருவேளை அந்தக் குழந்தையும் அம்மாவோடு உள்ளே இருந்தால் ஹெலனுடைய அம்மா ஆத்மா சாந்தி அடையும்.

"மிசினுலாம் வேணாங்க" என்று தாவீதின் குரல் கேட்டது. "நானே வெட்டித் தரேன்."

சாயங்காலம் அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. வீட்டில் சண்டை என்றால் பாத்திரம் உருளும், தெருவுக்குக் கேட்கும். இது கிசுகிசுத்த சண்டை.

"முன்னாடியே எட்த்துடலாம்மே. மேலாக்கதான் வச்சேன். நாலு செங்கல்லத் தள்ளுனா கைக்கு வந்துடும்."

"எட்த்து?"

"புது எடத்துல வப்போம்."

"எந்த எடம்? பாறைல கடப்பாரையே எறங்கல, நெருப்பு பறக்குதுன்னு நீதான சொன்ன? அதுவும் கம்பெனி காம்பவுண்ட ஒட்டிக் கீது. நாளைக்கே அவனுக்கு லாரி நிறுத்த எடம் பத்தலன்னா அத்தயும் கேப்பான். கேட்டா நம்மாளுங்க தந்துடுவாங்க. அப்ப எங்க தூக்கினு போவ?"

"அப்ப சொல்லிடு. போய் பாஸ்டராண்ட சொல்லிடு. உள்ள கீறது எங்க புள்ளன்னு சொல்லு."

"ஒனக்கு பயமா இல்லியா?"

"பயந்தான். குயி வெட்ற குடும்பமே ஊரான் குயில கை வச்சிச்சின்னு சொல்லுவாங்க. செத்துப்போன எங்கப்பனயும் சேத்துப் பேசுவாங்க. பேசட்டும். வேற இன்னாமே பண்றது?"

"செங்கல்லு கட்டி கீது, நாய் வராதுன்னுதான அங்க வச்ச? இப்ப ரோடு வருதே. நாய்னா ராத்திரிக்கு காவல் காக்கலாம். ரோட்ட யாருய்யா வெரட்றது?"

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. ஷெர்லின் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். போன் கம்பெனியில் லைனில் வேலை. கழுத்தில் ஐ.டி. கார்டோடு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. வெள்ளைக்காரி வந்துபோன கதை தெருமுனையிலேயே அவள் காதில் விழுந்திருந்தது.

"எனக்கு அக்கா இருந்தாளா?"

கிளியம்மாள் மகளைப் பார்த்தாள். இருபத்தாறு வயசுப் பெண். துரைசாணி செத்த வயசு.

"இருந்தா" என்றாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒங்கிட்ட சொன்னா ஒனக்கும் அது பாரமா ஆயிடும்னுதான்."

ஷெர்லின் அழுதாள், அழுதுவிட்டுக் கோபப்பட்டாள். "யாருக்கும்மா பயப்படற? அந்த உபதேசியாரே செத்து மண்ணா போயிட்டாரு. அந்த வெள்ளக்கார அம்மாகிட்ட நான் சொல்றேன். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கு வரும். அந்தப் பாப்பா நம்ம பாப்பான்னு சொல்லிட்டு நம்ம கையோட எடுத்துக்கினு வந்துடலாம்."

"எட்த்துகினு வந்து? வூட்ல பொட்டில வச்சுப்பியா?"

"ம்மா..."

"நீ ஒண்ணும் சொல்லாத. அது எம் புள்ள. சொல்லணும்னா நான் சொல்லிக்கிறேன்."

சொல்வாளா மாட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டும். இனிமேல் யாரும் வந்து எழுப்பாத இடம். இத்தனை வருஷத்தில் அதற்காக அவள் கேட்கிற ஒரே விஷயம் அதுதான்.

சனிக்கிழமை காலையில் தூறல் நிற்கவில்லை. ஷெர்லினுக்கு லைனில் ஆள் பற்றாமல் லீவு மறுத்துவிட்டார்கள். கிளியம்மாள் கேண்டீனுக்குப் போகவில்லை. தாவீதும் டில்லிபாபுவும் கடப்பாரையைக் கொடுத்து மேல்கல்லை நெம்பி இறக்கினார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். ஹெலனுக்குக் கிளியம்மாள் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் ட்ரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஜெபத்தில் பாதி காதில் விழவில்லை.

"நீ போய் குடிக்கத் தண்ணி கொண்டா" என்று தாவீது டில்லிபாபுவை அனுப்பினான். பிறகு செங்கல் கட்டுக்குள் இறங்கி, மண்வெட்டியை வெளியே போட்டுவிட்டு, கொத்துக் கரண்டியால் மேற்கு மூலையில் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தான். எங்கே சுரண்ட வேண்டுமென்று அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கரண்டியையும் வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினான். பிறகு அவன் கை நின்றுவிட்டது. குனிந்தவன் நிமிரவில்லை.

"என்னங்க, ஏதாவது தெரியுதா?" என்று மதிவதனி கேட்டாள்.

அவன் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தான். முருங்கைக் குச்சி மாதிரி மெலிந்த எலும்புகள். மண்டை ஓடு முட்டை ஓடு போல உடைந்திருந்தது. துணியை மூடி, இரண்டு கையாலும் தூக்கி, நீட்டின ஹெலன் கையிலும் கொடுக்காமல் பாஸ்டர் கையிலும் கொடுக்காமல், கிளியம்மாளிடம் கொடுத்தான். அவள் குடையைப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். கனமே இல்லை. பிறந்த அன்று வாங்கியபோது இதைவிடக் கனமாக இருந்தது என்று நினைத்தாள். பெற்றவளுக்கு வரக்கூடாத நினைப்பு அது.

ஹெலன் சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பேபி, பேபி என்று சொன்னது மட்டும் கிளியம்மாளுக்குப் புரிந்தது. கிழவி துணியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கி அழுதாள். செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளை கிடைத்துவிட்டது, அதன் அம்மாவோடுதான் இருந்திருக்கிறது என்று சொல்கிறாள் என்றார் பாஸ்டர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மதிவதனி மட்டும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குனிந்து மண்ணிலிருந்து ஒன்றை எடுத்தாள். பச்சை நிறத்தில், மஞ்சள் கரையோடு, விரல் நீளத்துக்கு ஒரு துணி. கிளியம்மாளின் கல்யாண நைலக்ஸ் புடவை. பிள்ளையை அதில்தான் சுற்றிக் கொடுத்தாள். மீதியெல்லாம் நைந்து கிழிந்து போயிருந்தது. கரை மட்டும் அப்படியே நின்றது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின துரைசாணி காலத்தில் நைலான் நூலே கிடையாது, நைலக்ஸ் ஏது?

மதிவதனி அதைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற கிளியம்மாளைப் பார்த்தாள். குழிக்குள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த தாவீதையும் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் இப்படி வரீங்களா?"

வேலி ஓரத்தில் போய் நின்றார்கள். கிளியம்மாள் துணியைக் கீழே வைக்காமல் கொண்டுபோனாள்.

"இது யாரோட கொழந்தம்மா?"

"என்துதாம்மா."

சொல்லிவிட்டாள். ஊரார் வாய்க்குப் பயந்து முப்பத்திரண்டு வருஷம் அடைத்து வைத்திருந்தது, கேட்டதும் வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், தண்ணீரில் நடந்தது, உபதேசியார் சொன்னது, வாய்க்கால் ஓரத்து நாய்கள், வெள்ளை அடித்தது. மதிவதனி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் ஹெலன்கிட்ட சொல்லிடறேன்மா. அவங்க நல்லவங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க. உங்க கொழந்தைய நீங்க வச்சுக்கங்க."

"எங்க வச்சுக்கறது?"

கிளியம்மாள் துணியை இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"மெட்ராஸ்ல அந்த எடம் எப்டிம்மா கீது? தண்ணி நிக்குமா?"

"நிக்காது. மேடான எடம். சுத்திப் பெரிய மதில், வாட்ச்மேன் இருக்காரு. மரமெல்லாம் இருக்கு."

"அங்க ரோடு போடுவாங்களா?"

"போட மாட்டாங்க. பழைய வெள்ளைக்காரங்க கல்லறைன்னு கவர்ன்மெண்ட்டே பாதுகாக்குது."

"அதான். தொரசாணி இருந்தா அந்தாண்ட சுத்திக்கினு போவான். எங்களுதுன்னா மேலயே போவான்." கிளியம்மாள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கி செங்கல்லுக்காக அவளாண்ட வச்சோம். இன்னிக்கி அவ பேருக்காக வக்கிறேன். அவகூடயே போவட்டும்மா."

"அம்மா, அவங்க இத எலிசாவோட கொழந்தன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. கல்லுல அப்படித்தான் போடுவாங்க. உங்க பேரு எங்கயும் வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்கூட ஒரு வாரம் இருந்துச்சு. அவகூட முப்பத்திரெண்டு வருசம் இருந்துகீது. நீயே சொல்லு, யாரு வளத்தது?"

மதிவதனிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு ஒரு கஷ்டம் இருக்கும்மா. நான் பொய்யா ஒண்ணு எழுதிக் குடுத்ததே இல்ல. இவ்வளவு தேடிட்டு, அவங்க வம்சத்துல இல்லாத கொழந்தய எப்படி எழுதறது?"

"பேரு இன்னான்னு எழுதுவ?"

"பேர் தெரியாதுன்னு எழுதுவேன்."

"அது பொய் இல்லியே. பேரு வைக்கலதான்."

மதிவதனி கைக்குள் மடக்கியிருந்த துணியை விரித்துப் பார்த்தாள். எலிசாவின் பிள்ளை எங்கே போயிற்று என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இனி அதை யாரும் தேடப்போவதில்லை. இது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் நைலக்ஸ் துண்டைக் கிளியம்மாளின் கையில் வைத்து அழுத்திவிட்டு நடந்தாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது, மெச்சவும் முடியாது. அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

எலிசா இன்னும் ஆழத்தில் இருந்தாள். டில்லிபாபு திரும்பி வந்து கைகொடுக்க, மதியம் ஆயிற்று அவளை எடுக்க. துருப்பிடித்த ஆணிகளும் எலும்புகளும்தான் கிடைத்தன. வழவழப்பான மரப்பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் வைத்தானதும் ஹெலன் கிளியம்மாளைக் கைகாட்டினாள், பிள்ளையை நீங்களே வையுங்கள் என்று. கிளியம்மாள் குனிந்து, துரைசாணியின் இடுப்பெலும்புக்கு மேலே, மடி என்று சொல்லக்கூடிய இடத்தில் அந்த வெள்ளைத் துணியை வைத்தாள். நைலக்ஸ் துண்டை அவள் இடுப்பில் செருகிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

ஹெலன் கட்டாயப்படுத்தியதால் கிளியம்மாளும் தாவீதும் வேனில் கூடவே மெட்ராஸுக்குப் போனார்கள். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவர்கள் அடக்கத்துக்கு வராமல் எப்படி என்று அவள் சொன்னாளாம். தண்டலம் தாண்டி, பூந்தமல்லி தாண்டி, வண்டி நெரிசலில் ஊர்ந்து போயிற்று. பெட்டி கிளியம்மாளின் காலடியில் இருந்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் குனிந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

மதிவதனி சொன்னது சரிதான். மதில் உயரமாக இருந்தது. தூங்குமூஞ்சி மரங்கள் கிளை பரப்பி நின்றன. குழி தயாராக இருந்தது. வெட்டினவன் பக்கச் சுவரைச் சீராகச் செதுக்கியிருக்கிறான் என்று தாவீது எட்டிப் பார்த்துக் கண்டுகொண்டான். நல்ல மண், கல்லே இல்லை என்று மனைவியின் காதில் சொன்னான். அவன் அன்றைக்கு அவளிடம் சொன்ன ஆறுதல் அது ஒன்றுதான்.

பெட்டியை இறக்கினதும் அங்கேயிருந்த பாதிரியார், குடும்பத்தார் முதலில் மண் போடலாம் என்றார். ஹெலன் போட்டாள். பிறகு பாஸ்டர் போட்டார், பிறகு மதிவதனி. அதற்கப்புறம்தான், பின்னால் நின்றிருந்த இவர்களை முன்னால் வரச்சொன்னார்கள். கிளியம்மாள் ஒரு கை மண் எடுத்தாள். எடுத்தவளுக்கு அதை விட மனசு வரவில்லை. மழை ஈரத்தில் மண் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. தாவீது அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உதறிவிட்டான்.

பாதிரியார் தமிழிலும் ஒரு ஜெபம் சொன்னார். தாயின் அணைப்பிலே உறங்குகிற இந்தப் பெயரறியாத பிள்ளையை ஆண்டவரே உம்முடைய மந்தையிலே சேர்த்துக்கொள்ளும் என்றார். அதுதான் அந்தப் பிள்ளைக்காக ஒரு பாதிரியார் வாயிலிருந்து வந்த முதல் ஜெபம். கிளியம்மாள் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் என்றாள்.

திரும்பி வரும்போது இருட்டிக்கொண்டு வந்தது. இவர்களை ஊரில் விட ஹெலனும் மதிவதனியும் வேனில் கூடவே வந்தார்கள். ஹெலன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள். பூந்தமல்லி தாண்டியதும் அவள் திரும்பி, கிளியம்மாளின் கையைத் தட்டி, ஏதோ கேட்டாள். மதிவதனி கிளியம்மாளையும் தாவீதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா கேக்கறாங்க?"

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேக்கறாங்க. வேணாம்னா நான் வேற ஏதாவது சொல்லிக்கறேன்."

தாவீது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேண்டீனிலும், சபையிலும், ஷெர்லினைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும், ஒரே பொண்ணுதான் என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய் அது.

"ரெண்டு பொண்ணுன்னு சொல்லும்மா" என்றாள் கிளியம்மாள். "சின்னவ போன் கம்பெனில வேல செய்றா."

மதிவதனி சொன்னாள். பெரியவள் எங்கே இருக்கிறாள் என்று ஹெலன் கேட்டாள்.

"பெரியவள மெட்ராஸ்ல குட்த்துட்டோம். நல்ல எடம்."

மதிவதனி அதை ஒரு சொல்லும் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம் என்று ஹெலன் கிளியம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.